நோடுகள் கூடினால் எம்பிஐ நிரல் தடுமாறுகிறது, லினக்ஸ் காரணமாக இருக்குமா?

கேள்வி:
வணக்கம். எம்பிஐ (புராசஸ்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறும் முறை) கொண்டு எழுதிய பாய்ம இயக்கவியல் நிரல் ஒன்றைத் துறையின் கிளஸ்டரில், அதாவது நோடுகள் எனப்படும் பல கணினிகளை இணைத்த தொகுப்பில், ஓட்டுகிறேன். இயங்குதளம் ராக்கி லினக்ஸ், வேலைகளை நோடுகளுக்குப் பங்கிடுவது ஸ்லர்ம், நோடுக்கு 32 கோர். ஒரே நோடில் 32 கோரும் போட்டால் அருமையாக ஓடுகிறது. 40 நோடுக்குப் போனால் ஒவ்வொரு சுற்றும் ஒவ்வொரு நேரம் எடுக்கிறது, பாதி நேரம் எல்லாக் கோர்களின் விடைகளையும் ஒன்றுசேர்க்கும் ஆல்ரெடியூஸிலேயே கரைகிறது. நெட்வொர்க்கில் குறை இல்லை என்கிறார் அட்மின். வேறு எங்கே பார்ப்பது?

பதில் 1:
நோடுக்கு 31 கோர் மட்டும் வைத்து அதே கணக்கை ஓட்டிப் பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன். கோர் குறைந்தும் சீக்கிரம் முடிகிறது! எப்படி?

பதில் 1:
அப்படியானால் பெரும்பாலும் இயங்குதள இரைச்சல்தான். பின்னணிச் சேவைகளும் கர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதி) டைமர் குறுக்கீடுகளும் அவ்வப்போது உங்கள் கோரைக் கொஞ்ச நேரம் பறித்துக்கொள்ளும். ஆல்ரெடியூஸில் கடைசி ஆள் வரும்வரை மற்ற எல்லோரும் காத்திருக்க வேண்டும். 1,280 கோரில் ஒவ்வொரு சுற்றிலும் யாராவது தாமதமாவார்கள். 31 போட்டால் அந்தச் சேவைகளுக்கு ஒரு கோர் காலியாகக் கிடைத்துவிடுகிறது.

அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்து ஆஸ்கி கியூ சூப்பர் கணினியிலும் இதேதான் நடந்தது. நோடுக்கு 4 செயலி. 3 மட்டும் பயன்படுத்தினால் வேகம் கூடியது. 2003இல் ஆய்வாளர்கள் காரணத்தைத் துருவிக் கண்டுபிடித்து, தேவையற்ற சேவைகளை நிறுத்தினார்கள், மிச்சத்தைச் சில நோடுகளுக்கு ஒதுக்கினார்கள். வன்பொருள் எதையும் மாற்றாமலேயே சேஜ் என்ற நிரலின் வேகம் இரண்டு மடங்கானது. நெட்வொர்க்கைக் குறை சொல்லும் முன் எல்லோரும் படிக்க வேண்டிய ஆய்வு அது.

பதில் 2:
ஐபிஎம்மின் ப்ளூ ஜீன்/எல் சூப்பர் கணினி இந்தத் தொல்லையே வராமல் பார்த்துக்கொண்டது. கணக்கிடும் நோடுகளில் மிகச் சிறிய தனிக் கர்னல், உள்ளீடு வெளியீட்டு நோடுகளில் மட்டும் லினக்ஸ். 2017 நவம்பரிலிருந்து உலகின் அதிவேக 500 கணினிகளின் டாப்500 பட்டியல் முழுக்க லினக்ஸ்தான், அதனால் இப்போது லினக்ஸையே அமைதிப்படுத்தியாக வேண்டும். ஜப்பானின் ஃபுகாகு சூப்பர் கணினியில் லினக்ஸோடு சேர்த்து மெக்கர்னல் என்ற சிறு கர்னலையும் ஓட்டலாம்.

உங்கள் அட்மினிடம் இரண்டு கேளுங்கள்: ஸ்லர்மில் நோடுக்கு ஒரு கோரைச் சிஸ்டம் வேலைக்கென ஒதுக்குவது, வேண்டாத சேவைகளை நிறுத்துவது. கோர் பிணைப்பையும் நீங்கள் மறக்காமல் போடுங்கள், இல்லையென்றால் புராசஸ்கள் கோர் மாறி அலையும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பிணைப்பு போட்டதும் சுற்று நேரம் ஓரளவு சீராகிவிட்டது. கோர் ஒதுக்குவதற்கு அட்மின் சம்மதித்திருக்கிறார், முடிந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.