24 வாரம் ஆகியும் முட்டை இல்லை: லேயர் தீவனம் போடலாமா, பொறுக்கலாமா?

தாழ்வாரம்:
என்னிடம் ஐந்து விடைக்கோழிகள் இருக்கின்றன. இரண்டு கனத்த ரகம், மூன்று நாட்டு ரகம். வயது 24 வாரம். 18 வாரத்தில் முட்டைக்கு வந்துவிடும் என்று சொன்னதை நம்பி அப்போதே கூட்டில் வைக்கோல் பரப்பிவிட்டேன். இன்றுவரை ஒரு முட்டையைக் கூடக் காணோம். இன்னும் வளரும் கோழிக்கான குரோயர் தீவனம்தான் போடுகிறேன். அது தப்பா?

செங்கொண்டை:
18 வாரம் என்பது லெகார்ன் மாதிரி முட்டைக்கென்றே வளர்க்கும் இனங்களின் கணக்கு. ஆனால் 24 வாரம் ஆன பிறகும் குரோயரையே போடுவது சரியில்லை. முட்டையிடும் கோழிக்கான லேயர் தீவனத்துக்கு மாற்றுங்கள், கூடவே வெளிச்சத்தையும் கூட்டுங்கள். பகல் குறுகிய மாதங்களில் எனக்கும் இதே நிலைதான். விடியுமுன் விளக்கு போட்டு வெளிச்சத்தை 14 மணி நேரமாக்கினேன், மூன்றாவது வாரம் முதல் முட்டை வந்தது. கோழிக்குக் கண் வழியாக மட்டும் வெளிச்சம் தெரிவதில்லை. மண்டையோட்டை ஊடுருவி மூளைக்குப் போகும் ஒளிதான் முட்டைச் சுரப்பிகளை எழுப்பிவிடுகிறது.

மேய்ச்சல்:
இந்த அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. லேயர் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும், குரோயரில் 1 சதவீதம்தான். முட்டைக்குத் தயாராகாத கோழிக்கு அதைத் தொடர்ந்து கொடுத்தால் சிறுநீரகம்தான் அடிவாங்கும். விளக்கும் அப்படித்தான். உடம்பு தேறாத ஒரு விடைக்கோழிக்கு விளக்கு போட்டு நானே முட்டையை வரவைத்தேன். நாலாவது முட்டையோடு குடல் வெளியே தள்ளி, மற்ற கோழிகள் கொத்திக் கொத்தி, காலையில் நான் கூட்டைத் திறந்தபோது மூலையில் ஒடுங்கிக் கிடந்தது. காப்பாற்ற முடியவில்லை. அதற்குப் பிறகு நான் நாளை எண்ணுவதே இல்லை.

செங்கொண்டை:
உங்கள் இழப்பு புரிகிறது. 12, 14 வாரக் கோழி என்றால் நானும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். முதல் முட்டைக்கு இரண்டு வாரம் முன்பிருந்தே கோழி அதை எலும்புக்குள் சேர்த்துவைக்கத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் தீவனத்தில் சத்து இல்லையென்றால் ஓடு கெட்டியாகாத தோல்முட்டை வரும், காலும் பலமிழக்கும்.

மேய்ச்சல்:
அதற்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் போதுமே. தேவைப்படும் கோழி தானாக வந்து கொத்தும், மற்றது சீண்டாது. தாழ்வாரம், முதலில் கோழியைப் பாருங்கள். கொண்டை நன்றாகச் சிவந்து பெருத்திருக்கிறதா? முதுகில் கை வைத்தால் இறக்கையை லேசாக விரித்துக் குந்துகிறதா? அப்புறம் பின்பக்கத் துவாரத்துக்கு இரு பக்கமும் கூரான எலும்பு நுனிகள் கைக்குத் தட்டுப்படும். நடுவில் ஒரு விரல்தான் போகிறது என்றால் இன்னும் நாள் இருக்கிறது. இரண்டு விரல் தாராளமாகப் போனால் முட்டை நெருங்கிவிட்டது.

வைக்கோல்போர்:
மேயவிட்டு வளர்க்கிறீர்களா? அப்படியானால் கேறிக்கொண்டு திரியும் கோழியின் பின்னால் போய்ப் பாருங்கள். என்னுடையது விறகு அடுக்குக்குப் பின்னால் ஒன்பது முட்டை வைத்திருந்தது, நான் கூட்டைத்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

தாழ்வாரம்:
மேய்வது வேலிக்குள்தான். மூலை முடுக்கெல்லாம் தேடிவிட்டேன், ஒன்றும் இல்லை. நேற்று இருட்டியதும் கூட்டில் வைத்தே ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். நாட்டு ரகத்தில் ஒன்றுக்கு இரண்டு விரல் போகிறது, குந்தவும் செய்கிறது. மற்ற இரண்டுக்கும் ஒரு விரல்தான். கனத்த இரண்டின் கொண்டையும் இன்னும் வெளிறித்தான் இருக்கிறது. இப்போதைக்குக் குரோயரே இருக்கட்டும், கிளிஞ்சலைத் தனியாக வைத்துவிட்டேன்.

செங்கொண்டை:
தீவன விஷயத்தில் சரி, உங்கள் கோழிகளுக்கு அது பொருந்துகிறது. விளக்கு பற்றிய என் கருத்து மாறவில்லை. ஆனால் ஐந்தும் தேறிய பிறகு போடுங்கள், வாரத்துக்கு அரை மணி நேரமாகக் கூட்டுங்கள். போட ஆரம்பித்தால் திடீரென்று நிறுத்தாதீர்கள், இறகை உதிர்த்துவிட்டு முட்டையை நிறுத்திவிடும்.