[கலைச்சொல்] அசூரைட்டும் மாலகைட்டும் சேர்ந்த கல்

வணக்கம். மணிக்கல் தீட்டும் பயிற்சிக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். அரிசோனாவின் பிஸ்பீ செம்புச் சுரங்கத்தில் பெயர்பெற்ற கல் ஒன்றில் வந்து நின்றுவிட்டேன். நீல அசூரைட்டும் பச்சை மாலகைட்டும் ஒரே கல்லில் பின்னிக் கிடப்பது. இரண்டும் செம்புக் கார்பனேட். மோஸ் கடினம் (கீறலைத் தாங்கும் அளவு, உச்சம் 10) 3.5–4 தான். ‘நீலப்பச்சைக்கல்’ சரிவருமா?
— த.

இராப்பகல் போல உம்மைத்தொகையாக நினைக்கிறீர்கள். படிப்பவரோ பச்சை கலந்த நீலம் என ஒரே நிறமாகக் கொள்வார்; கடையில் டர்க்கைஸை எடுத்து நீட்டுவார்கள். இங்கே நிறங்கள் கலக்கவில்லை, அடுத்தடுத்து நிற்கின்றன.
— ந.

செம்பில் படரும் பச்சைக்குக் களிம்பு என்று நமக்குப் பழைய பெயர் இருக்கிறதே! உயிரை ஆணவம் பற்றியிருப்பதற்குச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமையே செம்பும் களிம்பும். மாலகைட்டு ‘களிம்புக்கல்’, அசூரைட்டு ‘நீலக்களிம்புக்கல்’, சேர்ந்தால் ‘இருகளிம்புக்கல்’. அசூரைட்டு ஈரம் ஏற்று, கரியமில வாயுவை இழந்து மாலகைட்டாகத் திரியும்; அந்த உறவும் பெயரில் தெரியும். ‘அசூர்’ பாரசீக லாச்வர்த் வழி வந்தது. அது லேப்பிசு லசூலி என்னும் வேறொரு நீலக்கல்லுக்கு உரிய பெயர், இந்தக் கல்லுக்கு உரியதே அன்று. அதை ஏன் நாம் சுமக்கவேண்டும்?
— புலவர் கு.

ஐயா, என் மாணவர்களுக்குக் களிம்பு என்றால் மருந்துக்கடையில் வாங்கித் தடவுவது. ‘மயிற்கல்’ என்றால் உடனே கண்முன் வரும்.
— வ.

‘மயிற்கல்’ கட்டாயம் வேண்டாம். நாட்டுமருந்துக் கடையில் விற்கும் மயில்துத்தம் செம்புச் சல்பேட், தண்ணீரில் கரைவது. பராமரிப்புப் பக்கத்தில் அந்தக் குழப்பம் வரக்கூடாது. பெயரைவிட அந்தப் பக்கம்தான் முக்கியம் த.: எலுமிச்சை, புளி, வினிகர் பட்டால் கல் நுரைத்து அரிபடும். அல்ட்ராசானிக் (ஒலியதிர்வால் நகை கழுவும் கருவி), நீராவி, சூடு மூன்றும் ஆகாது. இளஞ்சோப்புநீரில் நனைத்த துணியால் துடைத்து உடனே உலர்த்தவேண்டும். மற்ற நகைகளோடு போட்டால் கீறல் விழும். அறுக்கும்போது நீர் விடாமல், முகமூடி இல்லாமல் உட்காரவே கூடாது. அந்தத் தூசி நஞ்சு.
— ந.

நன்றி, அப்படியே சேர்க்கிறேன். பெயர் ‘அசூரைட்–மாலகைட் இணைக்கல்’. மூவர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், இனிமேலும் தள்ளிப்போட நேரமில்லை.
— த.

‘இணை’ என்றால் இரண்டு தனிக்கற்கள். ஒன்றாய்ப் பிறந்ததை அது சொல்லாது. நான் உடன்படவில்லை. ‘களிம்புக்கல்’ சொல்லடைவிலாவது வரட்டும்.
— புலவர் கு.