போகிமான் மூன்றாம் தலைமுறை ஓயூ: ஆறு பேருமே அடிக்கிறாங்க, ஸ்கார்மொரி–பிளிஸி வந்தா டீமே நின்னுடுது

பச்சைக்கல் கேட்டது:

போகிமான் ஷோடவுன்ல (இணையத்துல போகிமான் சண்டை ஆடுற தளம்) மூன்றாம் தலைமுறை ஓயூ (அதிகம் பயன்படுற போகிமான்களுக்கான பிரிவு) ஆடுற டீம் இது. டைரனிட்டார் (தாக்குதலையும் வேகத்தையும் ஏத்துற டிராகன் டான்ஸ் மூவ், தாக்குதலைக் கூட்டுற அடமன்ட் நேச்சர்), சலமென்ஸ் (சாய்ஸ் பேண்ட் பொருள்: தாக்குதல் ஏறும், ஆனா ஒரே மூவ்ல பூட்டிக்கும்), மெட்டாகிராஸ், ஜாப்டோஸ், ஸ்டார்மி (ஸ்பைக்ஸைச் சுழற்றித் துடைக்கிற ராபிட் ஸ்பின் இருக்கு), கெங்கார். உடல் தாக்குதலுக்கு மூணு, சிறப்புத் தாக்குதலுக்கு மூணுன்னு கணக்குப் போட்டுத்தான் எடுத்தது.

பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, எதிர்ல ஸ்கார்மொரியும் பிளிஸியும் சேர்ந்து இருந்தா உள்ளே நுழையவே வழி இல்ல. அவங்க மாறி மாறி வந்து நிக்கிறாங்க, அதுக்குள்ள நம்ம பக்கம் ஸ்பைக்ஸ் (தரையில நிக்கிறவங்க இறங்கும்போதெல்லாம் உயிர்ப் புள்ளியை, அதாவது ஹெச்பியைக் குறைக்கிற முள்) மூணு அடுக்கு விழுந்துடுது. ஸ்டார்மி சுழற்ற வந்தா எதிரி கெங்காரை (ஆவி வகை, ராபிட் ஸ்பின் அதுமேல படாது) இறக்கித் தடுத்துடுறாங்க. ரெண்டு, எதிரி ஜாப்டோஸ் தண்டர்போல்ட் அடிக்க ஆரம்பிச்சா யாரை இறக்கினாலும் கால்வாசிக்கு மேல போயிடுது.

யார் ரெண்டு பேரை மாத்தணும்? டைரனிட்டாரை மட்டும் விட மனசில்ல. ஈவி (பயிற்சிப் புள்ளி) எண்களோட சொன்னா உதவியா இருக்கும்.

இரும்புச்சிறகு எழுதியது:

மூணுக்கு மூணு என்ற கணக்கிலேயே கோளாறு இருக்கிறது. அடிக்கிற பக்கத்தை மட்டும் எண்ணியிருக்கிறீர்கள். எண்ண வேண்டியது, எதிரியின் அடிக்கு யார் உள்ளே வர முடியும் என்பதை. ஒரு தாளில் நெருப்பு, நீர், மின்சாரம், பனி, புல், நிலம், பாறை, சண்டை என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக "இந்த அடி வரும்போது மாறி இறங்கி, அடுத்த திருப்பத்தில் ஏதாவது செய்யக்கூடியவர் யார்" என்று போட்டுப் பாருங்கள். மின்சாரத்துக்கு நேரே உங்கள் டீமில் ஒரு பெயர்கூட வராது. ஜாப்டோஸ் தாங்கும் என்று நினைத்திருப்பீர்கள். அதன் மின்சார வகை பாதியாக்குவதைப் பறவை வகை இரட்டிப்பாக்கி, கடைசியில் முழு அடியே விழும். சலமென்ஸுக்கும் அதே கதி. ஸ்டார்மிக்கோ இரட்டை அடி.

இன்னொன்று, இந்தத் தலைமுறையில் ஒரு மூவ் உடலா சிறப்பா என்பதை அதன் வகைதான் தீர்மானிக்கிறது. பாறை, நிலம், எஃகு, பறவை எல்லாம் உடல். நெருப்பு, நீர், மின்சாரம், பனி எல்லாம் சிறப்பு. அதனால் உங்கள் உடல் ஆட்கள் மூவருக்கும் ஒரே ஸ்கார்மொரி போதும், சிறப்பு ஆட்கள் மூவருக்கும் ஒரே பிளிஸி போதும். ஆறு பேரை இரண்டு பேர் கட்டிப்போடுகிறார்கள், மீதி நான்கு பேர் சும்மா இருக்கிறார்கள்.

டைரனிட்டாரின் மணற்புயல் உங்களையே தின்கிறது என்பதையும் கவனியுங்கள். பாறை, நிலம், எஃகு தவிர மற்றவர்களுக்கு ஒவ்வொரு திருப்பமும் ஹெச்பியில் 1/16 போகும். கையில் பிடிக்கும் லெஃப்ட்ஓவர்ஸ் பொருள் திருப்பித் தருவதும் அதே 1/16தான், ஆக வரவும் செலவும் சரி. சாய்ஸ் பேண்ட் சலமென்ஸுக்கு அந்த வரவுகூட இல்லை.

முடிவிலிருந்து பின்னோக்கி வாருங்கள். ஆட்டத்தை முடிக்கப்போவது டிராகன் டான்ஸ் டைரனிட்டார். அதை நிறுத்துபவர்கள் ஸ்கார்மொரி, ஸ்வாம்பர்ட், கிளேடால், டக்ட்ரியோ. மற்ற ஐந்து இடங்களும் இந்த நால்வரைத் தேய்க்க அல்லது வீழ்த்த உதவ வேண்டும். கூடவே மேலே சொன்ன தாளில் வெற்றிடம் இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் போடும் ஆறு: டைரனிட்டார், ஸ்கார்மொரி, பிளிஸி, ஸ்வாம்பர்ட், கெங்கார், மேக்னட்டான். இரண்டு பேரை மாற்றுவதோடு முடியாது, நான்கு பேர் போகிறார்கள்.

ஸ்கார்மொரிக்கு ஸ்பைக்ஸ், ரோர், டிரில் பெக், ப்ரொடெக்ட். ஹெச்பி 252, மீதியில் பெரும்பகுதி டிஃபென்ஸில். ஸ்வாம்பர்ட்டுக்கு எர்த்க்வேக், ஐஸ் பீம், ஹைட்ரோ பம்ப், ப்ரொடெக்ட். ரிலாக்ஸ்டு நேச்சர், ஹெச்பி 252. மின்சார அடிக்கு இனி இதுதான் கதவு.

பிளிஸியில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஹெச்பியில் 252 போட்டால் 651 என்பது 714 ஆகும், பத்து சதவீதம்கூட ஏறாது. அதே 252-ஐ டிஃபென்ஸில் போட்டு டிஃபென்ஸை ஏற்றும் போல்டு நேச்சரும் கொடுத்தால் 56 என்பது 130 ஆகிறது, இரண்டு மடங்குக்கும் மேல். முதலில் டிஃபென்ஸை நிரப்புங்கள், பிறகு மற்றது. மூவ்கள் சாஃப்ட்-பாயில்ட், செய்ஸ்மிக் டாஸ், டாக்சிக், அரோமாதெரபி.

சுரங்கவழி எழுதியது:

மேலே சொன்ன ஆறு சரிதான், ஆனா அதுல மேக்னட்டானைச் சரியாக் கையாளலைன்னா மொத்தத் திட்டமும் போச்சு. அதனால அதை மட்டும் விரிவாச் சொல்றேன்.

மேக்னட் புல்ங்கிற திறன் அதுக்கு இருக்கிறதால எதிரியோட எஃகு வகை எதுவும் ஆட்டக்காரர் விருப்பப்படி வெளியே மாற முடியாது. சிறப்புத் தாக்குதலை ஏத்துற மாடஸ்ட் நேச்சர், சிறப்புத் தாக்குதல் 252 போட்டா, ஸ்பெஷல் டிஃபென்ஸ்ல ஈவி இல்லாத ஸ்கார்மொரிக்குத் தண்டர்போல்ட் 433 முதல் 510 வரை. அதோட அதிகபட்ச ஹெச்பியே 334. ஒரே அடி, கதை முடிஞ்சுது.

ஆனா சிலர் கேர்ஃபுல் நேச்சர், ஸ்பெஷல் டிஃபென்ஸ் 252-ன்னு வருவாங்க. அப்ப அடி 290–342. பதினாறு வாய்ப்புல மூணுதான் வீழ்த்தும். மிச்ச நேரம் அது உயிரோட நின்னு, அதே திருப்பத்துல ரோர் போட்டு மேக்னட்டானையே வெளியே தள்ளிடும். இது மேக்னட்டானைக் கொண்டுவர்றவங்க எதிர்பார்க்காத இடம். முன்னாடியே கெங்காரோ ஸ்வாம்பர்ட்டோ ஸ்கார்மொரியை ஒரு தடவை கொஞ்சம் தேய்ச்சு வச்சிருந்தா இந்தக் கவலை இல்ல. 45 ஹெச்பி குறைஞ்சிருந்தாப் போதும்.

ஹிட்டன் பவர்ல (வகையை நாமே அமைச்சுக்கிற மூவ்) எல்லாரும் யோசிக்காம ஃபயர் எடுப்பாங்க. ஸ்கார்மொரிக்குத் தண்டர்போல்ட்டே போதும்னு மேல பார்த்தோம். இன்னொரு எஃகு ஆளான ஃபாரெட்ரெஸ்ஸும் தண்டர்போல்ட் ரெண்டு அடியில போயிடும். அதனால இந்த டீமுக்கு கிராஸ் எடுங்க. ஸ்கார்மொரி விழுந்ததும் எதிரி இறக்குற ஆள் பெரும்பாலும் ஸ்வாம்பர்ட். ஹிட்டன் பவர் கிராஸ் அதுக்கு நாலு மடங்கு, 346–408. முழு ஹெச்பி ஸ்வாம்பர்ட் 404. ஸ்பைக்ஸ் மூணு அடுக்கு இருந்தா நுழையும்போதே 101 போயிடும், அப்புறம் லெஃப்ட்ஓவர்ஸ் 25 கொடுத்தாலும் நிச்சயம் விழும். டைரனிட்டாருக்குத் தடையா இருந்த நாலு பேர்ல ரெண்டு பேர் மேக்னட்டான் கையாலேயே போறாங்க. சாதாரண ஸ்வாம்பர்ட்டோட வேகம் 156-தான், மேக்னட்டான் ஈவி இல்லாமலே 176. ஒரு 40 ஈவி வேகத்துல போட்டு 186 ஆக்கிக்குங்க, ஈவி போடாத ஸ்கார்மொரி, மெட்டாகிராஸ் ரெண்டையும் முந்தும்.

இந்தத் தலைமுறையில டீம் முன்னோட்டம் (ஆட்டம் தொடங்கும் முன்னாடியே எதிரி டீமைக் காட்டுறது) கிடையாது. மேக்னட்டான் இருக்குன்னு எதிரிக்குத் தெரியாத வரைக்கும்தான் அதுக்கு மதிப்பு. ஸ்கார்மொரி கண்ணுல படுற வரைக்கும் வெளிய காட்டாதீங்க. ஸ்கார்மொரி ஸ்பைக்ஸ் போடுற திருப்பத்துல இறக்குங்க, அல்லது பிளிஸி டாக்சிக் போடும்போது. எஃகுக்கு விஷம் ஏறாது.

மணல்மேடு எழுதியது:

இரண்டு பதில்களும் நல்ல பதில்கள். ஆனாலும் இந்த டீமில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன, அவற்றைச் சொல்லாமல் விட்டால் பச்சைக்கல் பத்தாவது ஆட்டத்தில் திரும்பவும் இங்கே வந்து கேட்பார்.

முதல் ஓட்டை டக்ட்ரியோ. டைரனிட்டார், மேக்னட்டான், பிளிஸி மூன்றையும் அது வெளியே மாற விடாமல் பிடித்துவைக்கும். சாய்ஸ் பேண்ட் போட்ட, ஜாலி (வேகத்தை ஏற்றும் நேச்சர்) டக்ட்ரியோவின் எர்த்க்வேக், டிஃபென்ஸில் ஈவி இல்லாத டைரனிட்டாருக்கு 328–386. டைரனிட்டாரின் ஹெச்பி 341. ஒரு அடுக்கு ஸ்பைக்ஸ் (42) ஏற்கெனவே பட்டிருந்தால் தப்பவே வழியில்லை. இங்கேதான் நேச்சர் முக்கியம். வேகத்தில் 252 போட்ட அடமன்ட் டைரனிட்டார் ஒரு டிராகன் டான்ஸுக்குப் பிறகு 331. ஜாப்டோஸ், சலமென்ஸ் ஆகியவற்றின் உச்ச வேகமான 328-ஐ முந்தும், அவ்வளவுதான். ஜாலி என்றால் 364. கெங்கார் 350, ஸ்டார்மி 361, அடமன்ட் டக்ட்ரியோ 339 ஆகிய மூன்றும் பின்னால் போய்விடும். ஜாலி டக்ட்ரியோ 372, ஏரோடாக்டிலும் ஜோல்டியானும் 394; இவற்றை ஜாலியாலும் முந்த முடியாது. இந்த டீமுக்கு ஜாலிதான் என் தேர்வு. ஸ்பைக்ஸும் மணலும் தேய்த்துக் கொடுப்பதால் அடமன்ட்டின் கூடுதல் பலம் அவ்வளவாகத் தேவைப்படாது. வேகம் போதாமல் கெங்காரிடம் வில்-ஓ-விஸ்ப் (தீக்காயம் தந்து உடல் தாக்குதலைப் பாதியாக்கும் மூவ்) வாங்கினால்தான் ஆட்டம் போகும்.

மூவ்கள் டிராகன் டான்ஸ், ராக் ஸ்லைடு, எர்த்க்வேக், ஹிட்டன் பவர் பக். மேக்னட்டான் இல்லாத டீமில் ஸ்கார்மொரிக்காக ஒரு நெருப்பு மூவ் வைக்க வேண்டியிருக்கும். இங்கே அந்த இடம் மிச்சமாகிறது, பக் செலெபிக்கு நான்கு மடங்கும் கிளேடாலுக்கு இரண்டு மடங்கும் விழும். ஹிட்டன் பவருக்காக ஐவி (பிறவிப் புள்ளி) குறைக்கும்போது வேகத்தில் 31 அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தால் மேலே சொன்ன கணக்கு மாறும்.

டக்ட்ரியோ எர்த்க்வேக்கில் பூட்டிக்கொண்டால், அடுத்து ஸ்கார்மொரியை இறக்குங்கள். அதற்கு நிலம் படாது. எதிரி டக்ட்ரியோவை மாற்றும் திருப்பத்தில் ஒரு அடுக்கு ஸ்பைக்ஸ் இலவசம்.

இரண்டாவது ஓட்டை, ஆறு பேரில் நான்கு பேர் தரையில் நிற்கிறார்கள், சுழற்ற ஆள் இல்லை. ஸ்கார்மொரியை மேக்னட்டான் சீக்கிரம் வீழ்த்திவிட்டால் எதிரியின் ஸ்பைக்ஸ் ஓரடுக்கோடு நிற்கும் என்பது உண்மை. கிளாய்ஸ்டர் ஸ்பைக்ஸ் போட்டால்? அதை மேக்னட்டானால் பிடித்துவைக்க முடியாது. இது உறுத்தினால் ஸ்வாம்பர்ட்டை எடுத்துவிட்டு கிளேடால் போடலாம்: எர்த்க்வேக், சைக்கிக், ராபிட் ஸ்பின், எக்ஸ்ப்ளோஷன். மின்சாரம் அதற்கும் படாது, மணலும் ஒன்றும் செய்யாது, மிதப்பதால் ஸ்பைக்ஸும் படாது. இழப்பு என்னவென்றால் எதிரி டைரனிட்டாரின் கிரஞ்ச் இரண்டு மடங்கு விழும், பனியும் நீரும் கூடவே வலிக்கும். சலமென்ஸுக்கு எதிராக ஸ்வாம்பர்ட்டின் ஐஸ் பீம் தரும் நிம்மதியும் போய்விடும்.

பச்சைக்கல் எழுதியது:

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. தாள்ல எழுதிப் பார்த்தேன், மின்சாரத்துக்கு நேரா உண்மையிலேயே காலிதான். இப்போதைக்கு ஸ்வாம்பர்ட்டோடவே ஆடுறேன். ரெண்டு சந்தேகம். கெங்காருக்கு எக்ஸ்ப்ளோஷன் (தானும் வெடிச்சு விழுற மூவ்) கொடுத்தா பிளிஸி விழுமா? முதல் ஆளா யாரை இறக்குறது?

இரும்புச்சிறகு எழுதியது:

கெங்காரின் எக்ஸ்ப்ளோஷன் முழு ஹெச்பி பிளிஸியை வீழ்த்தாது. இந்தத் தலைமுறையில் எக்ஸ்ப்ளோஷன் எதிரியின் டிஃபென்ஸைப் பாதியாக்கித்தான் கணக்கிடும், அப்படியும் ஹேஸ்டி கெங்கார், தாக்குதலில் ஈவி இல்லாமல், டிஃபென்ஸ் நிரம்பிய போல்டு பிளிஸிக்குக் கொடுப்பது 457–538. ஹெச்பியில் ஈவி இல்லாவிட்டாலும் அதற்கு 651 இருக்கிறது. மூன்று அடுக்கு ஸ்பைக்ஸில் நுழைந்து 162 இழந்திருந்தால் பாதிக்கும் மேற்பட்ட வாய்ப்பில் விழும். ஆகவே அதை முதல் ஐந்து திருப்பங்களில் வீணாக்காதீர்கள். டைமிட் நேச்சர் மட்டும் வேண்டாம், அது தாக்குதலைக் குறைத்து எக்ஸ்ப்ளோஷனைப் பாழாக்கும். தண்டர்போல்ட், ஐஸ் பஞ்ச், வில்-ஓ-விஸ்ப், எக்ஸ்ப்ளோஷன் போதும். வில்-ஓ-விஸ்ப் 75 சதவீதம்தான் படும், அதை நம்பி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம். கெங்காரின் முதல் வேலை எதிரி ஸ்டார்மி ராபிட் ஸ்பின் போடும் திருப்பத்தில் இறங்கி நம் ஸ்பைக்ஸைக் காப்பதுதான்.

முதல் ஆளாக ஸ்வாம்பர்ட். எதிரே டைரனிட்டார், ஜாப்டோஸ், மெட்டாகிராஸ் யார் வந்தாலும் அது உடனே ஓட வேண்டியதில்லை. ஸ்கார்மொரியை முதலில் இறக்கினால் எதிரியிடம் மேக்னட்டான் இருக்கும் நாளில் முதல் திருப்பத்திலேயே இழப்பீர்கள். டைரனிட்டாரை இறக்கினால் மணல் சீக்கிரம் கிடைக்கும், ஆனால் முடிக்க வேண்டியவர் தேய்ந்துபோவார்.

எதிரே ஜிங்க்ஸ் வந்தால் லவ்லி கிஸ் 75 சதவீதம் படும், யாரோ ஒருவர் தூங்கித்தான் ஆக வேண்டும். பிளிஸியைக் கொடுத்தால் நேச்சுரல் க்யூர் வெளியே போனதும் எழுப்பிவிடும், ஆனால் ஸ்லீப் கிளாஸ் (ஒரு சமயத்தில் எதிரணியில் ஒருவரை மட்டுமே தூங்கவைக்கலாம் என்ற விதி) கணக்கும் அத்தோடு அழிந்து, அடுத்தவரைத் தூங்கவைக்க எதிரிக்கு வழி திறக்கும். எதிரியிடம் ஸ்கார்மொரி இல்லை என்று உறுதியானால் மேக்னட்டானைத் தூங்கக் கொடுங்கள். இருக்கலாம் என்று பட்டால் ஸ்வாம்பர்ட்டே தூங்கட்டும்.