அமெரிக்க அரசின் சான்றிதழ் பெற்ற நோயாளர் பதிவு மென்பொருள்: கிளிநொச்சியில் வாங்கலாமா?

கேள்வி (மருத்துவ நிலைய நிர்வாகி, கிளிநொச்சி)

வணக்கம். கிளிநொச்சியில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்தின் நிர்வாகத்தைக் கவனித்து வருகிறேன். மாலை வேளைகளில் இரண்டு வைத்தியர்கள் நோயாளரைப் பார்க்கின்றனர்; சிறியதோர் ஆய்வுகூடமும் மருந்தகமும் உண்டு. அட்டைகளில் எழுதிவந்த குறிப்புகளைக் கணினிக்கு மாற்ற எண்ணியபோது, கொழும்பிலிருந்து வந்த விற்பனை முகவர் ஒருவர், தமது மென்பொருள் அமெரிக்க அரசின் சான்றிதழ் பெற்றது என்றும், அத்தகைய சான்றிதழ் இங்கும் விரைவில் கட்டாயமாகும் என்றும், அது இல்லாத மென்பொருளை வாங்கியவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க நேரும் என்றும் சொன்னார். விலையோ உள்ளூர் மென்பொருளைவிடப் பன்மடங்கு.

அந்தச் சான்றிதழுக்கு இங்கே ஏதும் பெறுமதி உண்டா? இன்னொன்று: பரீட்சார்த்தமாக ஓட்டிப் பார்த்தபோது ஒரே நோயாளி இரண்டு பேராகப் பதிவாகிறார். அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துத் தேடினாலும் பழைய பதிவு வருவதில்லை. இதற்கு என்ன செய்வது?

பதில் (மருத்துவத் தகவலியல் கற்ற வைத்தியர், வவுனியா)

முகவர் சொன்னதில் பாதி உண்மை: அமெரிக்காவில் அப்படியொரு சான்றிதழ் உண்டு. அமெரிக்காவில் 2009 இல் ஹைடெக் சட்டம் வந்தபோது, மின்பதிவுக்கு மாறும் வைத்தியர்களுக்கு அரசு ஊக்கத்தொகை கொடுக்க முன்வந்தது. முதியோருக்கான அரச மருத்துவக் காப்புறுதியான மெடிகெயார் வழியாக ஒரு வைத்தியர் 44,000 டொலர் வரையும், வருமானம் குறைந்தோருக்கான மெடிகெயிட் வழியாக 63,750 டொலர் வரையும் பெற முடிந்தது. பொதுப்பணம் கைமாறுவதால், வாங்கும் மென்பொருளுக்குக் குறைந்தபட்சத் தகுதி ஒன்றை வரையறுக்க வேண்டியிருந்தது. சான்றிதழ் பிறந்தது அதற்காகவே. 2015 முதல், மாறாதவர்களின் மெடிகெயார் கொடுப்பனவில் பிடித்தமும் தொடங்கியது. நமக்கு அந்த ஊக்கத்தொகையும் இல்லை, பிடித்தமும் இல்லை. ஆகவே அந்தச் சான்றிதழைக் காட்டி இங்கே பெறக்கூடிய உரிமையோ சலுகையோ எதுவும் கிடையாது.

சான்றிதழை வேதவாக்காக எடுக்கவும் வேண்டாம். இகிளினிக்கல்வர்க்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2017 இல் 155 மில்லியன் டொலர் செலுத்தி ஒரு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. எந்த மருந்தின் குறியீட்டையும் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் திறன் மென்பொருளில் இருக்கவேண்டும் என்பது விதி; பரீட்சையில் கேட்கப்படும் 16 குறியீடுகளை மட்டும் நிரலுக்குள் எழுதிவைத்துச் சித்தியடைந்தார்கள் என்பது அந்நாட்டு அரசின் குற்றச்சாட்டுகளுள் ஒன்று.

இலங்கையில் சுகாதார அமைச்சு மின்சுகாதார வழிகாட்டல்களையும் நியமங்களையும் வெளியிட்டிருக்கிறது. 2017 இல் தேசிய சுகாதாரத் தகவல் கொள்கையும் வந்தது. நோய்களைக் குறிக்க ஐசிடி-10 குறியீடு அரச வைத்தியசாலைகளில் ஏற்கெனவே பயன்படுகிறது. உங்கள் மென்பொருள் அந்தக் குறியீட்டை ஏற்கிறதா என்று கேட்பது, அமெரிக்க முத்திரையைப் பார்ப்பதைவிடப் பயன் தரும்.

பதில் (மென்பொருள் உருவாக்குநர், முல்லைத்தீவு)

இரட்டைப் பதிவுக்குக் காரணம் பெரும்பாலும் அடையாள அட்டை இலக்கம்தான். பழைய அட்டையில் 9 இலக்கங்களும் ஓர் எழுத்தும் இருக்கும். புதியதில் 12 இலக்கங்கள். பழைய இலக்கத்தின் முன் 19 ஐச் சேர்த்து, பழைய இலக்கத்தின் முதல் ஐந்து இலக்கங்களுக்குப் பின் ஒரு 0 ஐ நுழைத்து, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய வடிவம் கிடைக்கும். நடுவே 0 புகுவதால், பழைய இலக்கத்தைத் தட்டச்சிட்டால் புதிய பதிவு தேடலில் அகப்படாது. எந்த வடிவில் கொடுத்தாலும் 12 இலக்கமாக மாற்றியே சேமிக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். திறமையான ஒருவருக்கு அரைநாள் வேலைகூட இல்லை.

பெயரை நம்பித் தேடுவதும் வன்னியில் சரிவராது. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஓர் ஆவணத்தில் இருக்கும், மற்றதில் இராது; இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்து பின்னர் புதிதாக எடுத்தவர்களின் பெயர், ஆங்கிலத்தில் வேறு எழுத்துக்கூட்டலோடு வந்திருக்கும். கணினிமயமான அரச வைத்தியசாலைகள் வழங்கும் தனிநபர் சுகாதார இலக்கம் நோயாளியின் கிளினிக் கொப்பியில் இருந்தால், அதற்கும் ஒரு கட்டம் ஒதுக்கி வையுங்கள்.

பதில் (மருந்தாளர், மாங்குளம்)

தம்பி, இணையம் அறுந்தால் அந்த மென்பொருள் வேலை செய்யுமா என்று முதலில் கேளுங்கள். பின்னேரம் நோயாளர் வரிசையில் நிற்கும்போது மின்சாரம் போனால், எந்த நாட்டுச் சான்றிதழும் மருந்துச் சிட்டை எழுதித் தராது.

மீண்டும் கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. இலக்கச் சிக்கலுக்குக் காரணம் நீங்கள் சொன்னதேதான். முகவரின் ஆட்கள் அதைத் திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டுள்ளனர். இணையம் இல்லாவிட்டால் பழைய பதிவுகளைப் பார்க்கலாமாம், புதிதாக எழுத முடியாதாம். ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் நோயாளர் தரவுகளை எப்படித் தருவீர்கள் என்று கேட்டதற்கு, ஒவ்வொருவருக்கும் ஒரு பிடிஎஃப் கோப்பாக அச்சிட்டுக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. ஐயா, இது போதுமா?

பதில் (வைத்தியர், வவுனியா)

போதாது. அதோடு, அந்தப் பதில் அவர்களது சான்றிதழையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறது. அமெரிக்காவின் இன்றைய விதிகளின்படி, நோயாளர் தரவைச் சேமிக்கும் சான்றிதழ் பெற்ற மென்பொருள், ஒருவருடைய தகவலை மட்டுமன்றி எல்லா நோயாளருடைய தகவலையும் கணினி கையாளத்தக்க வடிவில் ஏற்றுமதி செய்யவும், அந்த வடிவத்தின் விளக்கத்தைப் பொதுவில் வெளியிடவும் வேண்டும். 2023 இறுதிக்குள் இதை நிறைவேற்றும்படி காலக்கெடுவும் கொடுக்கப்பட்டிருந்தது. சான்றிதழ் பெற்ற மென்பொருள்களின் பட்டியல் இணையத்தில் எவரும் பார்க்கக்கூடியது. சான்றிதழ் நிறுவனத்தின் பெயருக்கு வழங்கப்படுவதில்லை, குறிப்பிட்ட பதிப்புக்கே வழங்கப்படுகிறது. உங்களுக்கு விற்கப்படும் பதிப்பு எண்ணை எழுத்தில் வாங்கி அந்தப் பட்டியலில் தேடுங்கள். அது அங்கே இல்லையென்றால், சான்றிதழுக்காகக் கேட்கும் அதிக விலைக்கு நியாயம் இல்லை.

பட்டியலில் இருந்தாலும், ஒப்பந்தத்தில் மூன்று விடயங்களை எழுதிக் கையொப்பம் வாங்குங்கள்: தரவு மருத்துவ நிலையத்தின் பொறுப்பில் உள்ளது, கேட்டவுடன் முழுத் தரவும் மேலதிகக் கட்டணமின்றித் தரப்படும், சேவையகம் எந்த நாட்டில் இருக்கிறது என்பது தெரிவிக்கப்படும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகையாகக் கருதுகிறது. தரவு கசிந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், முகவர் அல்லர். அட்டைகளை இப்போதைக்கு எரித்துவிட வேண்டாம்.