விடுப்பு இல்லாத கிறிஸ்துமஸ்: பெங்களூரில் தமிழ்த் திருப்பலி எங்கே?

குமரிக்காரன்:
விடுப்பு கிடைக்காததால், அம்மா முந்திரிக்கொத்து சுடுவதையும் தங்கை குடில் கட்டுவதையும் காணாமல், முதன்முறையாகப் பெங்களூரிலேயே கிறிஸ்துமஸ் கொண்டாட வேண்டியிருக்கிறது. தமிழில் திருப்பலி காண எங்கே செல்லலாம்?

சிவாஜிநகர் அக்கா:
தம்பி, 1882இல் அர்ச்சிக்கப்பட்ட சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவுக்கு வாருங்கள். அங்கே தமிழ், கன்னடம், ஆங்கிலம் ஆகிய மொழிகளில் திருப்பலி நடக்கிறது; கிறிஸ்துமஸ் நேரத்தை மட்டும் பங்கு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சேலை உடுத்தி நிற்கும் மாதாவின் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றும் கூட்டத்தில் நெல்லைத் தமிழும் சென்னைத் தமிழும் காதில் விழும்போது, தனியாக வந்தவர்களுக்கும் மனம் தேறிவிடுகிறது. குடிலுக்கான பொருள்களைப் பக்கத்திலுள்ள ரசல் மார்க்கெட் பகுதியில் தேடிப் பாருங்கள். திருப்பலி முடிந்ததும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுங்கள். பண்டிகை நாளில் அறையில் தனியாக இருப்பது நல்லதன்று.

குமரிக்காரன்:
மிக்க நன்றி அக்கா, கட்டாயம் வருகிறேன்.

ரயில் பயணி:
அடுத்த ஆண்டு ஊருக்குச் செல்ல எண்ணினால், முன்பதிவு இப்போது 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது என்பதால், டிசம்பர் 24 அன்று பெங்களூரிலிருந்து புறப்படும் வண்டிக்கு அக்டோபர் 25 காலை 8 மணிக்கே பதிவு செய்துவிடுங்கள்.