3 அடி சாஃப்ட் கோரல் டேங்க்: ஒரே 165 வாட் பெட்டியா, இரண்டு சின்ன லைட்டா? எந்த உயரத்தில் மாட்டணும்?

உவர்நீர்:

சென்னை. டேங்க் 90 × 45 × 50 செ.மீ. தண்ணீர் 45 செ.மீ. வரை நிற்கிறது, மேலே மூடி இல்லை. நடுப்பாறையின் உச்சி தண்ணீர் மட்டத்துக்கு 15 செ.மீ. கீழே. உள்ளே இருக்கும் பவளங்கள்: ஜோவா, மஷ்ரூம், ஒரு டோட்ஸ்டூல் லெதர், பின்கண்ணாடியில் ஜிஎஸ்பி (கிரீன் ஸ்டார் பாலிப்).

லைட்: 55 எல்இடி உள்ள 165 வாட் கறுப்புப் பெட்டி. நீலத்துக்கு ஒரு குமிழ், வெள்ளைக்கு ஒரு குமிழ். கண்ணாடி விளிம்பில் கால் வைத்து, தண்ணீருக்கு 15 செ.மீ. மேலே நட்டநடுவில் நிற்கிறது. நீலம் 80 சதவீதம், வெள்ளை 60 சதவீதம், தினமும் 11 மணி நேரம்.

நடுப்பாறையில் இருக்கும் மஷ்ரூம் சுருங்கி வெளிறிக்கொண்டே போகிறது. அதே டேங்கில் இரண்டு ஓரத்து ஜோவாக்களும் காம்பு நீண்டு மேலே எட்டிப் பார்க்கின்றன. நைட்ரேட் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பிபிஎம், ஆல்கலினிட்டி 8.2 டிகேஎச், உப்பு (ஒப்படர்த்தி) 1.025, வெப்பம் 26.5 (சில்லர் இருக்கிறது).

இதே பெட்டியை உயர்த்தினால் போதுமா, இரண்டு சின்ன லைட்டாக மாற்றணுமா? வாடகை வீடு. சீலிங்கில் ஓட்டை போட ஓனர் சம்மதிப்பாரா தெரியாது.

பவளத்திட்டு:

தண்ணீர் அளவுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் வெளிச்சம் கூடுதல், ஓரத்தில் பற்றாக்குறை. இரண்டும் ஒரே காரணத்தால் வருகிறது.

இந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் 90 பாகை லென்ஸ்தான் வரும். அதாவது நேர்கீழ்க் கோட்டிலிருந்து 45 பாகை விலகினால் ஒளி பாதியாகிவிடும். பெட்டி சுமார் 40 செ.மீ. நீளம். 15 செ.மீ. உயரத்தில் இருபுறமும் பதினைந்து பதினைந்து சேர்த்தால் தண்ணீர்ப் பரப்பில் 70 செ.மீ. கிடைக்கிறது. உங்கள் டேங்க் 90. தண்ணீருக்குள் போனதும் விரிவும் குறையும்: காற்றில் 45 பாகையில் சாய்ந்து வரும் கதிர் உள்ளே 32 பாகைக்கு மடங்கிவிடும். ஓரத்து ஜோவாவுக்குப் போவது பெட்டியின் கடைசி இரண்டு மூன்று வரிசை எல்இடியின் மிச்ச ஒளி மட்டும். நடுப்பாறைக்கு மொத்தப் பெட்டியும் நேராகக் கொட்டுகிறது.

வாட் கணக்கை மறந்துவிடுங்கள். பவளம் இருக்கும் இடத்தில் பிஏஆர் (ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளி, ஒரு விநாடியில் ஒரு சதுர மீட்டரில் விழும் மைக்ரோமோல் கணக்கில்) எவ்வளவு என்பதுதான் பேச்சு. உங்கள் இனங்களுக்குத் தோராயமாக: மஷ்ரூம் 30 முதல் 80, ஜோவா 80 முதல் 150, லெதரும் ஜிஎஸ்பியும் 100ஐ ஒட்டி. இதில் ஒன்றுக்குக்கூட 200 தேவையில்லை. நடுவில் இப்போது 300 விழுகிறது என்று வைத்துக்கொண்டால், 11 மணி நேரத்தில் அந்த மஷ்ரூமுக்குப் போவது ஒரு சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 12 மோல் ஒளி. 100 பிஏஆரில் 9 மணி நேரம் கொடுத்தால் 3.2 மோல்தான். தேவையைப் போல நாலு மடங்கு வாங்கினால் உள்ளே இருக்கும் ஜூசாந்தெல்லே பாசியை அது வெளியே தள்ளத்தான் செய்யும். அந்த வெளிறல் அதுதான்.

பெட்டியை 30 செ.மீ.க்கு உயர்த்தினால் நீளவாக்கில் 100 செ.மீ. கிடைத்துவிடும். ஆனால் முன்பின்னாகவும் அதே அளவு விரியும். பெட்டியின் அகலம் சுமார் 20, இருபுறமும் முப்பது முப்பது சேர்த்தால் 80. 45 செ.மீ. அகல டேங்குக்கு 80 செ.மீ. ஒளி என்றால் பாதி வெளியே சிந்தி, சோபாவில் உட்காருபவர் கண்ணில் அடிக்கும். அதனால் இரண்டு சின்ன லைட் என்பதே என் ஓட்டு. டேங்கை இரண்டு 45 × 45 சதுரமாகப் பாருங்கள். ஒவ்வொரு சதுரத்தின் நடுவிலும் ஒன்று, அதாவது ஓரத்திலிருந்து 22.5 செ.மீ.யில், இரண்டுக்கும் இடையே 45 செ.மீ. ஏஐ பிரைம் 16எச்டி போல 60 வாட்டுக்குள் இருக்கும் ரகம் இந்த டேங்குக்குத் தாராளம், அதையும் முழு அளவில் ஓட்ட வேண்டியிருக்காது. உயரம் 20 முதல் 25 செ.மீ. இன்னொரு லாபம்: இரண்டு பக்கமிருந்தும் ஒளி வருவதால் பாறை விளிம்புக்குக் கீழே இருட்டு நிழல் விழாது.

வாங்கும்வரை இன்றைக்கே செய்ய வேண்டியது: அந்த மஷ்ரூமை மணலுக்கு இறக்குங்கள், லைட் எரியும் நேரத்தை 9 மணி நேரமாகக் குறைத்துவிடுங்கள், பெட்டியின் கால்களுக்கு அடியில் ஏதாவது கொடுத்து தண்ணீருக்கு 25 செ.மீ. மேலேயாவது நிற்கும்படி தூக்குங்கள்.

கம்பியும்குழாயும்:

மாட்டுற விஷயம் நான் சொல்றேன் ப்ரோ. வாடகை வீட்டுக்கு சீலிங் வேண்டாம். ரெண்டு வழி இருக்கு.

சின்ன லைட் ரெண்டுன்னா கூஸ்நெக் (வளையிற கழுத்து) கிளாம்ப் போதும். அது கண்ணாடியைக் கடிக்கிற இடத்துல ரப்பர் பேடு இருக்கணும், திருகை விரலால இறுக்கினா போதும், ஸ்பானர் எடுக்காதீங்க. உங்க கண்ணாடி எத்தனை மி.மீ.ன்னு அளந்துட்டு, கிளாம்ப் அதைப் பிடிக்குமான்னு பார்த்து வாங்குங்க. மூணு கிலோ கறுப்புப் பெட்டியைக் கூஸ்நெக்ல தொங்கவிடுற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

உறுதியா வேணும்னா ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஃபிரேம். அலுமினிய ப்ரொஃபைல், 20×40ல 120 செ.மீ. துண்டு ரெண்டு. அதுல கீழ்ப்பக்கம் 35 செ.மீ. ஸ்டாண்டோட முதுகுல ஒட்டி நிக்கணும், மிச்சம் டேங்குக்கு மேல ஏறும். மேல முன்னாடி நீட்டுற கை 20×20ல 30 செ.மீ. ரெண்டு, குறுக்கே 80 செ.மீ. ஒண்ணு. லைட் இந்தக் குறுக்குக் கம்பியில தொங்கும். ஸ்டாண்டு பிளைவுட்னா மர ஸ்க்ரூ போடாதீங்க, ஈரத்துல ஒரு வருஷத்துல பிடி விட்டுரும். எம்6 போல்ட்டை உள்ளே வரைக்கும் துளைச்சு விட்டு, பெரிய வாஷர் போட்டு இறுக்கணும், தூணுக்கு மூணு. டேங்குக்கும் சுவருக்கும் நடுவுல 5 செ.மீ.யாவது இடம் இருக்கான்னு முதல்ல பாருங்க. இல்லேன்னா தண்ணி நிரம்பின டேங்கை நகர்த்த முடியாது, ஃபிரேமுக்கு வழியே கிடையாது.

தண்ணிக்கு மேல வர்ற போல்ட், ஹூக், கம்பி எல்லாம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 316. கிடைக்கலைன்னா 304, அதை அடிக்கடி பார்த்துக்கணும். ஜிங்க் பூச்சு போட்ட எல்-பிராக்கெட் உப்புக் காத்துல வெளுத்துப் பொடியா உதிரும். பித்தளையும் ஆகாது. ஜிங்க், காப்பர் ரெண்டும் சொட்டுச் சொட்டா டேங்குல இறங்கினா இறாலும் பவளமும் தாங்காது.

ஓனர் ஒத்துக்கிட்டா காங்கிரீட் சீலிங்ல ஹேமர் ட்ரில்ல துளை போட்டு எம்6 ஆங்கர் ஹூக். பிளாஸ்டிக் பிளக் சுவருக்குச் சரி, தலைக்கு மேல தொங்குற பாரத்துக்கு அது மெல்ல நழுவிடும். ஃபேன் பாக்ஸ்ல இருந்து ஸ்விட்ச்போர்டு சுவர் வரைக்கும் ஸ்லாபுக்குள்ள பைப்புல வயர் ஓடும், அந்தக் கோட்டுல துளை போடாதீங்க. ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் லைட்டைத் தாங்காது. அப்புறம் சீலிங் ஃபேன்: ஒரே கயித்துல தொங்குற லைட் ஃபேன் காத்துல ஆடிக்கிட்டே இருக்கும். நாலு முனையில கட்டினா ஆடாது.

கரன்ட்: லைட்டுக்குக் கரன்ட் தர்ற டிரைவர் பெட்டியை சம்ப் (கீழ் ஃபில்டர் தொட்டி) இருக்கிற கேபினெட்டுக்குள்ள வைக்காதீங்க, அந்த ஈரத்துல கனெக்டர் பின்னெல்லாம் பச்சை பிடிச்சுப் போகும். ஒயர் பிளக்குக்குப் போறதுக்கு முன்னாடி பிளக்கை விடக் கீழே ஒரு தொங்கல் வளைவு விடுங்க, அப்பத்தான் வழியிற தண்ணி அங்கேயே சொட்டும். டேங்க் லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிஞ்சா உடனே துண்டிக்கிற ஸ்விட்ச்) கட்டாயம். கரன்ட் போனா இன்வெர்ட்டர்ல ஓட வேண்டியது தண்ணியை ஓடவிடுற வேவ்மேக்கர், லைட் இல்ல.

உவர்நீர்:

ரொம்ப நன்றி. சுவருக்கு 6 செ.மீ. இடைவெளி இருக்கிறது, ஃபிரேம் பக்கம் போகிறேன். பிஏஆர் மீட்டர் இல்லை, போனில் லக்ஸ் ஆப் வைத்து அளக்கலாமா? வெள்ளையைக் கூட்டினால் பாசி வரும் என்று கடையில் சொன்னார்கள், சரியா? வெளிச்சம் சரியானதும் ஒரு டார்ச் கோரல் வைக்கவும் எண்ணம்.

நீலஅலை:

லக்ஸை பிஏஆராக மாற்றும் எண் எதையும் நம்பாதீர்கள். லக்ஸ் என்பது மனிதக் கண்ணுக்கான அளவு, பச்சைக்கு முதலிடம், 450 நானோமீட்டர் நீலத்துக்கு மிகக் குறைந்த இடம். ரீஃப் லைட்டில் பெரும்பகுதி அந்த நீலம்தான். ஆனால் ஒப்பிட ஆப் உதவும். அதே லைட், அதே வண்ணக் கலவை, போன் அதே இடத்தில் என்றால் முன்னைக்கு இப்போது எத்தனை சதவீதம் என்பது சரியாகவே வரும். லைட்டை டேங்கிலிருந்து எடுத்துத் தரையில் போனை வைத்து அளந்து பாருங்கள். குமிழில் 50 என்று எழுதியிருப்பது பாதி வெளிச்சம் இல்லை என்பது அப்போது தெரியும், மலிவுப் பெட்டிகளின் டிம்மர் நேர்கோட்டில் ஏறுவதில்லை.

மீட்டர் ஒரு நாளைக்கு யாரிடமாவது இரவல் வாங்கினால் போதும். அபோஜி எம்க்யூ-510 என்றால் தண்ணீருக்குள் வைக்கவே திருத்தம் செய்தது. பழைய எம்க்யூ-200 நீலத்தைக் குறைத்துக் காட்டும். வேவ்மேக்கரை நிறுத்திவிட்டு அளவெடுங்கள், அலை ஆடும்போது எண் நிலைக்காது.

வெள்ளை பற்றிக் கடையில் சொன்னது பாதிதான் உண்மை. பாசிக்குச் சோறு நைட்ரேட்டும் பாஸ்பேட்டும். உங்கள் அளவுகளில் வெள்ளை 20, 30ல் இருந்தால் ஒன்றும் ஆகாது. வெள்ளையைக் குறைக்கச் சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது: ஜோவாவின் ஒளிரும் நிறங்கள் நீலத்தில்தான் எழும், வெள்ளையில் அமுங்கிவிடும். முழு நீலமாகவும் விடாதீர்கள், லெதர் வெளிறியிருக்கிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

புது லைட் மாட்டும் நாளில் இலக்கில் மூன்றில் ஒரு பங்கில் தொடங்குங்கள். வாரத்துக்கு 5 சதவீதப் புள்ளிக்கு மேல் ஏற்ற வேண்டாம். உயரம், சதவீதம், நேரம் மூன்றையும் ஒரே வாரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. ஜோவா காம்பு நீண்டால் குறைவு, பகலில் மூடியே கிடந்தால் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். லெதர் மட்டும் ஏமாற்றும். அது சில நாள் மூடிக்கொண்டு மெழுகு போன்ற தோலை உரிப்பது வழக்கம், அதற்காக லைட்டைத் தொடாதீர்கள், கொஞ்சம் நீரோட்டம் பட்டால் தானாக விரியும்.

டார்ச் வேண்டாம், காரணம் வெளிச்சம் இல்லை. அது ஸ்க்ளெராக்டினியா, கல் பவளம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001லிருந்து அந்த வரிசை முழுவதுமே முதல் அட்டவணையில். ஹாமர், ஃப்ராக்ஸ்பான், ஆக்ரோபோரா எல்லாம் அதில் அடக்கம். கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் யாராவது கொடுத்தாலும் வைத்திருப்பவர்தான் மாட்டுவார். கார்கோனியனும் ஆர்கன் பைப்பும் அதே அட்டவணை, சாஃப்ட் கோரல் மாதிரி இருக்கிறது என்று எடுத்துவிடாதீர்கள்.

பவளத்திட்டு:

5 சதவீதம் பற்றி ஒரு திருத்தம். உங்கள் புது லைட்டின் ஆப்பில் அக்ளிமேஷன் மோட் இருந்தால் அதையே போடுங்கள், 30 சதவீதத்தில் தொடங்கி 45 நாள் என்று கொடுத்தால் தினமும் தானாக ஏறும். கையால் வாரம் ஒருமுறை தாவுவதை விட அது மென்மை.

கம்பியும்குழாயும்:

லைட்டுக்குள்ள ஃபேன் இருக்கும். மூடியில்லாத டேங்க்ல தெறிக்கிற உப்பு அதுல ஒட்டி, ஃபேன் திணறும், சூடு ஏறினதும் லைட் தானா மங்கிக்கும். நீங்க பவளத்தைச் சந்தேகப்படுவீங்க. மாசம் ஒரு தடவை பிளக்கைப் பிடுங்கிட்டு ஆர்ஓ தண்ணியில நனைச்சுப் பிழிஞ்ச துணியால லென்ஸையும் கிரில்லையும் துடைங்க. ஸ்ப்ரே நேரா அடிக்காதீங்க, டிஷ்யூ பேப்பரும் வேண்டாம், லென்ஸ் கீறும்.