விர்ச்சுவல் சேசிஸில் கமிட் சிங்க்ரனைஸ் நிரந்தரமாக வேண்டுமா?

இரவுப்பணி:
நான்கு ஜூனிபர் நெட்வொர்க் ஸ்விட்ச்களைச் சேர்த்து, ஒரே கருவிபோல் இயங்கும் விர்ச்சுவல் சேசிஸாக ஓட்டுகிறோம். அதில் ஒன்று எல்லாவற்றையும் ஆளும் மாஸ்டர், இன்னொன்று அதற்கு மாற்றாக நிற்கும் பேக்கப். போன வாரம் மாஸ்டருக்கு மின்சாரம் போனது. பேக்கப் பொறுப்பேற்றது, ஆனால் அதனிடம் இருந்தது இரண்டு மாதப் பழைய கான்ஃபிக் (அமைப்புக் கோப்பு). இடையில் சேர்த்த மூன்று வீலேன்களும் (வலையைத் தனித்தனியாகப் பிரிக்கும் பிரிவுகள்) இல்லை. இத்தனை நாளும் மாற்றத்தை அமலுக்குக் கொண்டுவர வெறும் கமிட் மட்டுமே கொடுத்து வந்தோம், தவறு எங்களுடையதுதான். இனி ஒவ்வொரு கமிட்டையும் பேக்கப்பிலும் ஏற்றும் 'செட் சிஸ்டம் கமிட் சிங்க்ரனைஸ்' வரியைப் போட்டுவிடலாம் என்றேன். குழுவில் பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கம்பிக்காரன்:
இன்றே போடுங்கள். ஜூனிபரின் இயங்குதளமான ஜூனோஸில் அந்த வரி இல்லாவிட்டால் கமிட் மாஸ்டரோடு நின்றுவிடும். இருந்தால் மாஸ்டர், பேக்கப் ஆகிய இரண்டின் ரூட்டிங் எஞ்சினிலும் (கட்டுப்பாட்டு மூளை) முதலில் சரிபார்ப்பு நடக்கும். ஒன்றில் பிழை வந்தாலும் இரண்டிலுமே ஏறாது. மாஸ்டர் மாறினாலும் ரூட்டிங் அறுபடாத நான்ஸ்டாப் ரூட்டிங் வைக்க நினைத்தால் இந்த வரி கட்டாயம்.

தனிவழி:
நான் மறுப்பவர்கள் பக்கம். சரிபார்ப்பு எழுத்துப் பிழையைப் பிடிக்கும், எண்ணப் பிழையைப் பிடிக்காது. பல வீலேன்களைச் சுமக்கும் டிரங்க் போர்ட்டில் இருந்து தவறுதலாக ஒரு வீலேனை நீக்கினால் அது முறையான கட்டளைதான். சிங்க் அந்தத் தவறையும் பேக்கப் வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். பழைய கான்ஃபிக் ஒன்றாவது எங்காவது பத்திரமாக இருக்கட்டுமே.

கம்பிக்காரன்:
இங்கேதான் இடறுகிறீர்கள். சேசிஸில் உள்ள எல்லா போர்ட்டையும் ஆள்வது மாஸ்டர். நீங்கள் சிங்க் செய்தாலும் செய்யாவிட்டாலும் அந்த வீலேன் நான்கு ஸ்விட்ச்சிலும் அந்த நொடியே போய்விடும். சிங்கைத் தவிர்த்து நீங்கள் காப்பாற்றுவது பேக்கப்பில் கிடக்கும் ஒரு கோப்பை மட்டும்தான். அதுவும் எந்தத் தேதியுடையது என்று யாருக்கும் தெரியாத கோப்பு! பழையதற்குத் திரும்பத்தான் ரோல்பேக் இருக்கிறது, 0 முதல் 49 வரை எண்ணிட்டுச் சேமித்த கான்ஃபிக்குகள். ஆபத்தான மாற்றமா, 'கமிட் கன்ஃபர்ம்ட்' கொடுங்கள். 10 நிமிடத்தில் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் தானே பழைய நிலைக்குப் போய்விடும்.

தனிவழி:
சரி, அந்த வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் நீங்களே சொல்லிவிட்டீர்கள்: நான்கு பெட்டிக்கும் ஒரே மூளை. நோயே அதுதான். இரண்டு ஸ்விட்ச்கள் சேர்ந்து ஒரே இணைப்புபோல் தரும் எம்-லேக் முறையில் இரண்டு ஸ்விட்ச்சும் தனித்தனி. ஒன்றில் தவறினால் மற்றது நிற்கும். மென்பொருளையும் ஒவ்வொன்றாக மாற்றலாம். கான்ஃபிக்கை கிட்டில் (பதிப்புகளைச் சேமிக்கும் கருவி) வைத்து அன்சிபிள் (தானியங்கி ஏற்றும் கருவி) வழியாக முதலில் ஒன்றில் ஏற்றி, பார்த்துவிட்டு அடுத்ததில் ஏற்றுவேன்.

கம்பிக்காரன்:
அந்த ஒழுங்கு உங்களிடம் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு நேரடியாக ஒரு பெட்டியில் மட்டும் கைவைக்கும் ஆளிடம் இருக்காது. சிஸ்கோ நெக்சஸ் ஸ்விட்ச்களில் விபிசிக்கு (சிஸ்கோவின் எம்-லேக்) கன்சிஸ்டன்சி செக் என்ற பொருத்தச் சோதனை எதற்கு வந்தது? தனித்தனி கான்ஃபிக் விலகிப்போகும் என்பதால்தானே? எம்டியு (பாக்கெட்டின் உச்ச அளவு), ஸ்பேனிங் ட்ரீ (வளையத் தடுப்பு) முறை போன்ற, கட்டாயம் பொருந்த வேண்டிய டைப் 1 அமைப்புகள் பொருந்தாவிட்டால் விபிசி நிறுத்தி வைக்கப்படும்.

தனிவழி:
நிறுத்துவதே எனக்குப் பிடிக்கும். விலகல் உடனே கண்ணில் படுகிறது. இவருக்கு இரண்டு மாதம் மறைந்தல்லவா கிடந்தது?

கம்பிக்காரன்:
மறைந்து கிடந்தது சிங்க் இல்லாததால்!

இரவுப்பணி, இன்னொன்று. மாஸ்டர், பேக்கப் இரண்டுக்கும் மாஸ்டரைத் தேர்ந்தெடுக்கும் மாஸ்டர்ஷிப் பிரையாரிட்டி 255 கொடுங்கள். இயல்பாக 128 இருக்கும். ஒன்றுக்கு மட்டும் கூட்டி வைத்தால், செத்துப் பிழைத்த பழைய மாஸ்டர் மறுபடி பதவியைப் பிடுங்கி, இரண்டாம் முறை ஆட்டம் காட்டும்.

இரவுப்பணி:
சிங்க்ரனைஸ் போட்டாயிற்று. சனிக்கிழமை இரவு நாங்களே மாஸ்டர்ஷிப்பை மாற்றிவிட்டு வீலேன்களை எண்ணிப் பார்க்கப் போகிறோம்.

தனிவழி:
நல்லது. கிரேஸ்ஃபுல் ஸ்விட்ச்சோவர் (போக்குவரத்து அறாமல் மாஸ்டர் மாறும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாமல் மாற்றினால் போக்குவரத்து அறுந்துவிடும். எண்ணிக்கை என்ன வந்தது என்று இங்கே எழுதுங்கள்.